முத்துக்காட்டு மண்

சண்முகவள்ளி மதினியின் கையால் ஒரு பிடி மண் வாங்காமல் எங்கள் ஊரில் யாரும் தட்டாம்பயறு விதைப்பதில்லை, என்னைத் தவிர. மதினி எனக்குத் தரமாட்டேன் என்று சொன்னதில்லை. ஊரே விதைத்து முடித்துக் களையெடுக்கும்போதுதான் எனக்கு விதைப்பு ஞாபகம் வரும். அதற்குள் மண்ணும் காய்ந்திருக்கும், மதினியின் பொறுமையும் காய்ந்திருக்கும். அதனால் என் மேட்டுக்காட்டில் வருசா வருசம் ஆடுகளுக்குச் சோளத்தட்டைதான். "அய்யனாரு காட்டுல ஒரே வெள்ளாமைதான், சோம்பேறித்தனம்" என்பார்கள் ஊரில். தண்ணீர் விடாமல், உரம் போடாமல் வருகிற வெள்ளாமை என்று நானும் சேர்த்துச் சொல்வேன்.

வடமதுரைக்கும் அய்யலூருக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே எங்கள் செம்மண் பூமி. புரட்டாசியில் உழவு மழை விழுந்த மறுநாள் காலையில் மதினி குளித்து, ஈரத் தலையோடு தன் காட்டின் சனிமூலையில் போய் நிற்பாள். சனம் சுளகில் விதையோடு வரிசையாக வரும். மதினி குனிந்து காலடியில் ஒரு பிடி மண் அள்ளி விதையில் தூவி, கையாலேயே பிசறிக் கொடுப்பாள். "போ, முத்தா வெளையும்." அவ்வளவுதான் மந்திரம். மதினிக்குக் கைராசி என்பது எங்கள் ஊரில் கிழக்கே சூரியன் உதிப்பது மாதிரி. யாரும் சரிபார்ப்பதில்லை.

இதெல்லாம் ஒரு வேரில் ஆரம்பித்தது. மதினி வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஒரு பஞ்ச வருசம். எல்லார் காட்டிலும் பயறு கருகிப்போக, அவள் காட்டில் மட்டும் காய்த்தது. பள்ளத்துக் காடு, பக்கத்தில் ஓடை ஈரம் என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. அன்றைக்கு யார் யோசித்தது? ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். வேரில் வெள்ளை வெள்ளையாக, கசகசாவைவிடப் பொடியாக, முத்து கோர்த்த மாதிரி இருந்தது. பயறு வேரில் முடிச்சு இருந்தால் நிலத்துக்கு நல்லது என்று மதினியின் வீட்டுக்காரர் சோலைமுத்து அண்ணன் ரேடியோவில் கேட்டிருந்தார். அண்ணன் எதையும் பாதிதான் கேட்பார், மீதியை அவரே சொல்லிக்கொள்வார். "இது அந்த முடிச்சுதான். இந்த மண்ணு போற எடமெல்லாம் முத்து காய்க்கும்" என்றார். அன்றிலிருந்து அதற்கு முத்துக்காடு என்று பேர்.

பிறகு ஊர் முழுக்க விளைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. யாரும் மண்ணைச் சந்தேகப்படவில்லை. மழையைச் சொன்னார்கள், யூரியாவைச் சொன்னார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மயிலைச் சொன்னார்கள். எங்கள் பக்கம் மயில் அதிகம். எந்தக் குற்றத்தைச் சுமத்தினாலும் முருகனின் வாகனம் மறுத்துப் பேசாது.

மதினி ஆனி மழைக்கே ஒரு போகம் விதைத்திருந்த முத்துக்காட்டிலேயே இந்த ஆவணிக் கடைசியில் பயறு முழங்கால் ஏறவில்லை. இலை மஞ்சள் பாய்ந்து, செடி சீக்குக் கோழி மாதிரி ஒடுங்கி நின்றது. வெளியே தெரியக்கூடாது என்று மதினி வரப்போரம் ஆமணக்கை நெருக்கி வளர்த்து மறைத்து வைத்திருந்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கிடாய் ஒன்று அந்த ஆமணக்குச் சுவரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அதைப் பிடிக்கப் போன இடத்தில்தான் வேளாண்மை ஆபீசிலிருந்து வரும் பிரிஸ்கில்லா மேடம் செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திண்டுக்கல் டவுன்காரர், ஸ்கூட்டரில் வருவார், சுடிதாருக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார். மதினியும் அண்ணனும் பக்கத்தில் நின்றார்கள்.

"அது முத்து மேடம்" என்றாள் மதினி. "நல்ல காட்டுக்கு அடையாளம்."

மேடம் ஒரு சின்னக் கண்ணாடியை வேரில் வைத்துப் பார்த்தார். "இங்க பாருங்கம்மா. இந்தா பெருசா இருக்கே, இது நல்ல முடிச்சு. நசுக்குனா உள்ள இளஞ்சிவப்பா இருக்கும். இந்தப் பொடிசு வேற. இது முத்து இல்ல, பொம்பள."

"யாரு?"

"புழு. பொம்பளப் புழு."

நான் கிடாயை விட்டுவிட்டேன். அது மேய்ந்துகொண்டே கேட்கட்டும் என்று.

"மொதல்ல நூல் மாதிரி இருக்கும்மா, கண்ணுக்கே தெரியாது. பயறு வேரு வாசம் பிடிச்சு வந்து, ஊசி மாதிரி வாயால வேரக் குத்தி உள்ள போயிரும். போய் ஒரு எடத்துல உக்காந்தா உக்காந்ததுதான். எந்திரிக்காது. வேருக்குள்ள பக்கத்துல இருக்கிற குட்டிக் குட்டி அறைச் சுவத்தையெல்லாம் கரைச்சு ஒரே பெரிய சமையக்கட்டா ஆக்கிக்கிரும். செடி திங்கிற சாப்பாடு பூராம் அங்கதான் வந்து சேரும்."

"உக்காந்த எடத்துல சாப்பாடா" என்றேன். என் குரலில் பொறாமை இருந்திருக்க வேண்டும், மதினி திரும்பிப் பார்த்தாள்.

"சாப்புட்டுச் சாப்புட்டு வீங்கும். எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு உருவம் வரும். வேருத்தோலு தாங்காம வெடிக்கும். தலை உள்ள, உடம்பு வெளிய. அதத்தான் நீங்க முத்துன்னு பாக்குறீங்க."

"ஆம்பளப் புழு என்ன பண்ணும்?" என்று அண்ணன் கேட்டார்.

"அது வீங்காது ஐயா. மறுபடி நூல் மாதிரி ஆகி வேர விட்டு வெளிய வந்துரும். பொம்பளையத் தேடிப் போகும். அப்புறம் செத்துரும்."

"சமையக்கட்டு கட்டுற வேல?"

"அதுல அதுக்குப் பங்கில்ல."

"எங்க வீடு மாதிரிதான்" என்றாள் மதினி. அண்ணன் ஆமணக்கு இலையை ஆராய ஆரம்பித்தார்.

மேடம் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "கொஞ்ச முட்டைய வெளிய பசை மாதிரி ஒரு பையில விடும். மிச்சத்த வயித்துக்குள்ளயே வச்சிருக்கும். நூத்துக்கணக்குல. வயிறு நெறஞ்சதும் தாய் செத்துப்போகும். ஆனா தோலு அழுகாது. வெள்ளையா இருந்தது மஞ்சளாகி, தவுட்டு நெறமாகி, கெட்டிப்பட்டுரும். பேகம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புல பச்சத் தோலப் பதப்படுத்துறாங்கல்ல, அது மாதிரி தன் தோலத் தானே பதப்படுத்திக்கிரும். தாயோட உடம்பே பெட்டி. உள்ள பூராம் பிள்ளைக."

மதினி செடியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். இத்தனை வருசம் முத்து என்று பார்த்ததை இப்போது வேறு மாதிரிப் பார்த்தாள்.

"செத்தும் பிள்ளைகளக் காப்பாத்துறா."

"ஆமாம்மா. அதுதான் நமக்குத் தொந்தரவு. வெயிலுக்கு அசையாது, மருந்து உள்ள போகாது. வருசக்கணக்கா மண்ணுல சும்மா கெடக்கும். பக்கத்துல பயறோ துவரையோ வேரு விட்டா, அந்த வாசத்துக்குப் பெட்டி தொறக்கும்."

"திண்டுக்கல்லுப் பூட்டுன்னு சொல்லுங்க" என்றார் அண்ணன். "சாவி பயறு வேருல இருக்கு."

"நல்லாச் சொன்னீங்க ஐயா. ஆனா இது தானா ஊர் விட்டு ஊர் போகாது. மண்ணோடதான் போகும். கலப்பையில, செருப்புல. ஒரு பிடி மண்ணு போதும்."

மதினி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். என் கிடாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

மேடத்துக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. இந்தக் காட்டில் நாலைந்து வருசம் பயறு வகையே வேண்டாம், கம்பு, சோளம், மக்காச்சோளம் போடுங்கள், கோடையில் ஆழ உழுது காயவிடுங்கள், வேப்பம்புண்ணாக்குப் போடுங்கள் என்று சொன்னார். மற்றக் காடுகளைப் பார்க்கவும் ஒரு வழி சொன்னார். காய்ந்த மண்ணைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டுச் செத்த நேரம் சும்மா விட்டால், பெட்டி மட்டும் மிதந்து சட்டியின் ஓரத்தில் ஒட்டும். ஸ்கூட்டர் போன பிறகும் மதினி வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஊரு கெடக்கட்டும்" என்றாள் கடைசியில். "ஊருல நாலு பேரு ஏசுவாக, வாங்கிக்கிரலாம். புவனாவ நெனச்சாத்தான்."

மகள் புவனேஸ்வரியைப் போன வருசம் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சீர்வரிசையோடு ஒரு சாக்கு முத்துக்காட்டு மண்ணும் போனது. மதினியின் கைராசி அவ்வளவு தூரம் பேர் வாங்கியிருந்தது. சம்பந்தியம்மா மாயம்மாள் அதைத் தன் துவரைக் காட்டில் போட்டிருந்தார். இந்த வருசமும் மண் வாங்க வெள்ளிக்கிழமை அவரே வருவதாகப் புவனா போனில் சொல்லியிருந்தாள்.

"மருமக வந்தா, காடு கெட்டுச்சுன்னு ஒரு சொல்லு வந்தாப் போதும்" என்றாள் மதினி. "மண்ணு பேரு போயிரும், என் மக பேரு நிக்கும்."

மறுநாள் அண்ணன் ஒரு காலிச் சாக்கோடு என் மேட்டுக்காட்டுக்கு வந்தார்.

"ஏலே அய்யனாரு, ஒரு சாக்கு மண்ணு அள்ளு."

"எதுக்குண்ணே?"

"சம்பந்தியம்மாவுக்கு. முத்துக்காட்டு மண்ணுன்னு சொல்லிக் குடுத்துருவோம்."

"என் மண்ணையா? என்னண்ணே, பிள்ள வாழ வேணாமா?"

"உன் காட்டுல பயறு போட்டு எத்தன வருசமாச்சு?"

"எனக்கு நெனவு தெரிஞ்சு இல்ல."

"அதான். சாவி இல்லாத ஊருல பூட்டு எதுக்கு இருக்கு? அள்ளு."

ரேடியோவைப் பாதி கேட்ட மனுசன் மேடத்தை முழுசாகக் கேட்டிருந்தார். சந்தேகத்துக்கு மதினி வீட்டுக் கொல்லையில் இரண்டு எவர்சில்வர் சட்டி வைத்து, ஒன்றில் முத்துக்காட்டு மண்ணையும் மற்றொன்றில் என் மண்ணையும் கரைத்தோம். முத்துக்காட்டுச் சட்டியின் ஓரத்தில் தவிட்டு நிறத்தில் பொடிப்பொடியாக ஒரு வளையம் ஒட்டியது, காப்பித்தூள் சிந்தின மாதிரி. என் சட்டியில் ஆட்டுப் புழுக்கையும் சோளச் சருகும் மிதந்தன. வேறு எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பரீட்சையில் தேறியிருந்தேன், அதுவும் எழுதாமலே.

வெள்ளிக்கிழமை மாயம்மாள் பஸ் இறங்கி, மடித்த சிமெண்டுச் சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். குள்ளமான, கெட்டியான அம்மா. பேச்சு மட்டும் பழனிப் பக்கத்து மெதுப்பேச்சு. புரட்டாசி என்பதால் என் ஆடுகள் தப்பின. மதினி தட்டாம்பயறு போட்டுப் புளிக்குழம்பும், கத்திரிக்காய் வெஞ்சனமும், அப்பளமும் செய்திருந்தாள். சாக்கைப் பஸ்ஸில் ஏற்றிவிட என்னை வரச்சொல்லியிருந்ததால் எனக்கும் ஓர் இலை விழுந்தது.

"குழம்பு நல்லா இருக்குதுங் சம்பந்தி" என்றார் மாயம்மாள். "புவனாளும் இதே பக்குவமாத்தான் வெக்கிறா. என்ற பையன் ஒரு சட்டியத் தனியாக் காலி பண்றானுங்."

மதினி குழம்புக் கரண்டியோடு நின்றாள்.

"மண்ணு ரெடியா இருக்கு சம்பந்தி" என்று அண்ணன் அவசரமாகச் சொன்னார். "வாசல்ல கட்டி வச்சாச்சு. சாப்புட்டதும் அய்யனாரு தூக்கியாந்துருவான். மூணு மணி பஸ்ஸு கூட்டமில்லாம வரும்."

"அது எங்க மண்ணு இல்ல" என்றாள் மதினி.

அண்ணன் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் இலையைப் பார்த்தார்.

"இந்தா உக்காந்துருக்கானே, இவன் காட்டு மண்ணு. எங்க மண்ணுல புழு இருக்கு சம்பந்தி. முத்துன்னு இம்புட்டு நாளு ஊருக்கெல்லாம் குடுத்தது பூராம் புழுவு. போன வருசம் உங்களுக்குக் குடுத்ததும் அதுதான். தெரிஞ்சு செய்யல. பிள்ளைய ஒண்ணும் சொல்லிறாதீக. சொல்றதா இருந்தா என்னச் சொல்லுங்க, நான் இங்கயே நிக்கிறேன்."

கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாயம்மாள் அப்பளத்தை ஒடித்தார். நிதானமாகத் தின்றார்.

"தெரியுமுங்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்த மண்ணுப் போட்ட மூலையில மட்டும் துவரை மஞ்சக் காமாலை வந்தாப்ல நின்னுச்சுங். புழுவோ என்னமோ எனக்குத் தெரியாது. மண்ணுதான்னு மட்டும் தெரிஞ்சுது. பக்கத்துக் காட்டுக்காரி வந்து, என்னக்கா, மருமக கொண்டாந்த மண்ணுப் போட்ட எடமான்னு கேட்டாளுங்."

மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க என்ன சொன்னீக?"

"நாந்தான் கைமறதியா உப்புத்தண்ணியப் பாய்ச்சிப் போட்டேன்னு சொன்னனுங். வயசாயிருச்சுன்னா இது ஒரு வசதி, நாம மறந்துட்டோம்னா எல்லாரும் நம்புவாங்க. புவனாளுக்கு இன்னும் தெரியாது. அம்மா மண்ணு நல்லா இருக்குதான்னு கேட்டா, ஓ, செடி பேசாத குறைதான்னு சொல்லிருக்கறன்."

"பெறகு எதுக்கு இந்த வருசமும் வாங்க வந்தீக?"

"வராட்டி ஏன் வரலீன்னு நீங்க கேப்பீங்க. என்னன்னு சொல்லோணும்? அதான் வாங்கீட்டுப் போயி, பழனி பஸ் ஸ்டாண்டுல வெச்சு மறந்து போட்டுப் போயிரலாம்னு இருந்தனுங். எனக்குத்தான் மறதியாச்சே."

முதலில் சிரித்தது மதினிதான். சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள். மாயம்மாளுக்குப் புரையேறியது. அண்ணன் இப்போதுதான் சோற்றை விழுங்கினார். நான் சிரிக்கவில்லை. பழனி பஸ் ஸ்டாண்டில் அனாதையாக நிற்கவிருந்தது என் மண்.

மாயம்மாள் என் பக்கம் திரும்பினார். "இவுருதான் அந்த அய்யனாருங்களா? புவனா சொல்லிருக்கறா."

"என்ன சொன்னுச்சு?"

"வேண்டாமுங், சாப்புடுங்க."

எல்லாரும் கைகழுவியதும் மதினி புதுச் சேலை மாதிரி விறைப்பாக எழுந்தாள். "வந்த தைரியம் போறதுக்குள்ள ஊருலயும் சொல்லிருதேன்" என்று குழாயடிக்குப் போனாள். குடங்கள் வரிசையில் நின்ற நேரம். பின்னாலேயே சம்பந்தியம்மா, அதற்குப் பின்னால் அண்ணன், கடைசியில் நான். மதினி எல்லாவற்றையும் சொன்னாள். நூல் மாதிரிப் புழுவை, சமையல்கட்டை, எலுமிச்சம்பழத்தை, தாய் பெட்டியாவதை. மேடத்தைவிட நன்றாகவே சொன்னாள். தாய் செத்துப்போகும் இடத்தில் இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள்.

வருசம் தவறாமல் மண் வாங்க வரிசையில் முதலாக நிற்கும் சிவனம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்ப நான் மயிலை ஏசுனதெல்லாம்?"

"பாவந்தான்" என்றாள் மதினி.

"கல்லக் கொண்டியும் எறிஞ்சேனே. ஒண்ணு இன்னமும் நொண்டுது."

"என்னச் சொல்லுக்கா. மயில விடு."

"உன்ன என்னத்தச் சொல்ல? நீ எங்களுக்கு மட்டுமா குடுத்த, உன் மகளுக்கும்ல குடுத்துவிட்டுருக்க. வஞ்சகம் இருந்தா பிள்ளைக்கு நல்ல மண்ணு போயிருக்கும்." சிவனம்மாள் குடத்தைத் தூக்கினாள். "எனக்கு அந்தச் சட்டி வைத்தியத்த இன்னொருக்கச் சொல்லு."

அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் சோறு வடித்த சட்டியைவிட மண் கரைத்த சட்டி அதிகம். குண்டான், போணி, கல்யாணத்துக்கு வாங்கிய தாம்பாளம் எல்லாம் வாசலுக்கு வந்தன. கிணற்றில் பார்ப்பது மாதிரி சட்டிக்குள் குனிந்து பார்த்தார்கள். "எனக்கு வளையம் கட்டிருச்சுடி." "எனக்குப் பாதி வளையந்தான்." "உன் வீட்டுக்காரரு உழுததும் பாதிதான." மதினி வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். மேடத்துக்குப் போன் போட்டபோது, வளையம் வந்த காட்டுக்கெல்லாம் கம்பும் சோளமும்தான் என்று அவரும் சொல்லிவிட்டார். அனேகமாக எல்லாருக்கும் வந்திருந்தது. இருட்டுவதற்குள் மேற்கே இடி உருண்டு, காத்திருந்த மழை கொட்டியது.

காலையில் மதினி குளிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து கம்பு விதையைக் காரணமில்லாமல் புடைத்துக்கொண்டிருந்தாள். ஊர்ச் சனம் சுளகோடு வந்து வாசலில் நின்றது.

"என்ன நிக்கிறீக? காட்டுக்குப் போங்க, ஈரம் போயிரும்" என்றாள்.

"கம்பாத்தான் இருந்தா என்ன? கை வச்சுக் குடு" என்றாள் சிவனம்மாள்.

"என் மண்ணத்தான் தொடக்கூடாதுல்ல."

ராத்தங்கியிருந்த மாயம்மாள் காப்பி டம்ளரோடு வெளியே வந்தார். "ஏனுங் சம்பந்தி, ராசி மண்ணுலயா இருந்துச்சு? மண்ணுல இருந்தது புழுவுங். ராசி கையிலதான இருக்கோணும்? நல்ல மண்ணாப் பாத்து நீங்க அள்ளிக் குடுங்க." வாசலில் கட்டிக்கிடந்த சாக்கைக் காட்டினார். "அதான் இங்கயே இருக்குதே."

எல்லாரும் சாக்கைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் வெறுமனே பல் குச்சியோடு வேடிக்கை பார்க்க வந்தவன். அதற்கு முன் இத்தனை பேர் என்னை மரியாதையாகப் பார்த்ததில்லை, எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

மதினி ஈரத் தலையோடு வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. சாக்கைப் பிரித்து என் மேட்டுக்காட்டு மண்ணை ஒரு பிடி அள்ளினாள். சிவனம்மாளின் கம்பில் தூவிப் பிசறினாள். வழக்கமாகச் சொல்லும் வார்த்தை வாய்வரை வந்து நின்றது. முத்து என்று சொல்ல வரவில்லை.

"போ, வெளையும்" என்றாள்.

வரிசை நகர்ந்தது. மாயம்மாள் தன் சிமெண்டுச் சாக்கை விரித்து நின்றார், அதற்கும் ஒரு பிடி. கடைசியில் சாக்கு காலியாகும் நேரம் மதினி என்னைக் கூப்பிட்டாள். திண்ணமான குரல். "வாங்க கொழுந்தனாரே. நீங்க மட்டும் என்ன ஒதுங்குறீக?"

"எனக்கு என்னத்துக்கு மதினி? ஆட்டுக்குச் சோளந்தான."

"ஊருல சுத்தமான காடு உங்க காடு ஒண்ணுதான். அடுத்து ஊருக்குப் பயறு வெதை வேணும்னா அங்கதான் வெளையணும். மேடமும் அதத்தான் சொன்னாக. வெதை வெளியூருல இருந்து வாங்கிக் குடுக்கிறாகளாம். நீங்க உழுது, வெதச்சு, களையெடுத்து, நாங்க சொல்லையில காயெடுக்கணும்."

"நானா?"

"உங்க அண்ணன் கூட வருவாக."

"நானா?" என்றார் அண்ணன்.

சுளகு எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கையை ஏந்தினேன். மதினி சாக்கின் அடியில் வழித்து, என் மண்ணை என் உள்ளங்கையிலேயே வைத்து, என் விரல்களை மடக்கி மூடினாள். இத்தனை வருசம் கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று, இப்போது கேட்காமலே கிடைத்தது.

மேட்டுக்காட்டுக்கு நாங்கள் போனபோது அண்ணன் கழுவிக் கொண்டுவந்த கலப்பையை இறக்கிவிட்டு எதையோ பாதி சொல்லிக்கொண்டிருந்தார். வரப்பில் ஒரு மயில் நொண்டிக்கொண்டு போனது. சோளத் தாளை மேய்ந்துகொண்டிருந்த என் ஆடுகள் தலை தூக்கி, அவற்றின் சாப்பாட்டை நான் உழுது புரட்டுவதைப் பார்த்தன. நான் அவற்றின் முகத்தைப் பார்க்கவில்லை.